லைன்ல குழப்பம் இல்ல

புது விண்டோசில் பிரிண்டர் ஓடவில்லை என்று சுனில்குமார் காலையில் தன் கம்ப்யூட்டரில் பழைய ‘விண்டோஸ் 7’-ஐயே திரும்பப் போட்டார். பிரிண்டர் ஓடியது, இன்டர்நெட் செத்தது. கேபிள் ஆபீசுக்கு நாலு தடவை போன் செய்து, “உங்க வயரைக் கொண்டுபோய்ப் பூவார் கடல்ல போடுலே!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அடுத்த தடவை கத்துவதற்குள் கேபிள்காரன் மனு வாசலில் நின்றான். வயரைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினான். நெட் பறந்தது.

“அண்ணே, லைன்ல ஒரு குழப்பமும் இல்ல. பழைய விண்டோசுக்கு நெட்கார்டை ஓட்டுற டிரைவர் சாப்ட்வேர் தனியா போடணுமாக்கும். உங்க மதர்போர்டு செஞ்ச கம்பெனியைப் பூட்டியாச்சு, அது நெட்டில கிடைக்காது. கம்ப்யூட்டர் வாங்கினப்போ ஒரு சிடி தந்திருப்பாங்களே?”

“உண்டுலே! இந்த மேசைக்குள்ளதான் உண்டு!”

மேசையைக் கவிழ்த்துக் கொட்டினார். உறை கிடைத்தது, சிடி இல்லை.

“ஸ்ரீகலா! என் சாமானத்துல கை வைக்காதேன்னு எத்தனை மட்டம் சொல்லியாச்சு? இந்த வீட்டுல ஒரு பொருளாவது வச்ச எடத்துல இருக்குமா?”

அடுக்களையிலிருந்து வந்த மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஜன்னலருகே நிறுத்தினாள். வெளியே பயறுப் பந்தலில் கயிறு கட்டிய சிடிகள் வெயிலில் மினுங்கின.

“இஞ்ச பாருங்க. கிளியை விரட்டணும்னு போன மாசம் இதைக் கெட்டித் தொங்கவிட்டது ஆராக்கும்? ஒண்ணுக்கும் உதவாத பழைய குப்பைன்னு சொன்னது ஆராக்கும்?”

மழையில் வெள்ளிப்பூச்சு உரிந்துபோன டிரைவர் சிடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கிளி நிதானமாகப் பயறு தின்றுகொண்டிருந்தது.