கைச்சுற்றளவு

நான் தையல்காரி. ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

மருமகன் வெளியூர் வேலைக்குப் போனதும் என் மகள் கைக்குழந்தையோடு எங்களிடமே வந்துவிட்டாள். பேரனுக்கு இப்போது ஒன்றரை வயது. எடை ஏறவே மாட்டேன் என்கிறது. சுகாதார நிலையத்து நர்சம்மா வாராவாரம் சத்துப் பாக்கெட் கொடுப்பார். கிழித்து அப்படியே ஊட்டலாம். காலி உறைகளைத் திருப்பிக் காட்டினால்தான் அடுத்த வாரத்துக்குக் கிடைக்கும். என் மகள் ஒன்று விடாமல் அடுக்கி ரப்பர்பேண்டு போட்டு எடுத்துப் போவாள்.

"உறையெல்லாம் சரியா இருக்கு, புள்ளதான் தேறல. அடுத்த வாரமும் இப்படின்னா டவுன் ஆஸ்பத்திரிதான்," என்று போன வாரம் நர்சம்மா சொல்லியிருந்தார்.

இன்று காலை கிளம்பும் நேரத்தில் நூல்கண்டு எடுக்க உள்ளறைக்குப் போனேன். மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் பாக்கெட்டைப் பிரித்து, உள்பக்கத்தை நக்கிக்கொண்டிருந்தாள். பேரன் பக்கத்தில் விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தான்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"பெத்த புள்ள வாயிலேருந்து புடுங்கித் தின்றியே, நீயெல்லாம் ஒரு தாயாடி?"

அவள் அழவில்லை. "பாதி அவனுக்குக் குடுத்துட்டேம்மா. பசி தாங்கல."

"ஏன், வீட்ல சோத்துக்கா பஞ்சம்?"

"எல்லாரும் தின்ன பெறகு மிச்சம்தானே எனக்கு. அதுலயும் பாலா அவனே உறிஞ்சிர்றான்."

என் புருஷனுக்கும் இரண்டு பையன்களுக்கும் போட்டு, நானும் தின்றுவிட்டு, பானையை அவள் பக்கம் தள்ளுவது நான்தான். என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் தள்ளினாள். பிள்ளை பெற்றவள் வாயைக் கட்ட வேண்டும் என்று சொல்வாள்.

சுகாதார நிலையத்தில் நல்ல கூட்டம். பாதிப் பேர் என்னிடம் துணி தைக்கிறவர்கள். பேரன் கையில் நர்சம்மா பச்சை, மஞ்சள், சிவப்பு போட்ட அளவு நாடாவைச் சுற்றினார். அளவு சிவப்பில் நின்றது, ரொம்ப மெலிவு என்று அர்த்தம். டவுன் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி நீட்டினார். வாங்க மகள் கையை நீட்டியபோது ரவிக்கைக் கை தோள்வரை சரிந்தது. நர்சம்மா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, பெரியவர்களுக்கான நாடாவை எடுத்துச் சுற்றினார். அதுவும் சிவப்பு.

அந்த ரவிக்கைக் கையை இந்த வருஷம் இரண்டு தடவை உள்ளே பிடித்துத் தைத்தவள் நான். "இப்பதான்டி அளவா அழகா இருக்கே," என்று சிரித்தது வேறு.

நர்சம்மா பதிவேட்டைப் பார்த்தார். "பத்தொன்பதுன்னு போட்டிருக்கு. பதினெட்டுக்குள்ளன்னா தாய்க்கும் தனியா பாக்கெட் உண்டு. வளர்ற உடம்பு. சரியாச் சொல்லுங்க, வயசு என்ன?"

கேள்வி என்னிடம்தான். பேரனை முதன்முதலில் இங்கே பதிந்தபோது அந்தப் பத்தொன்பதைச் சொன்னவள் நான். வரிசையில் மூன்றாவதாக எதிர்வீட்டுக்காரி நின்றாள். போன வருஷம் அவள் தன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கட்டிக்கொடுத்தபோது, அவள் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகிற மாதிரி தெருவில் நின்று கேட்டவளும் நானேதான். ஊருக்குத்தான் உபதேசம்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்தாள். நான் பொய்யைச் சொன்னால் அவளும் தலையாட்டிவிடுவாள். அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

"பதினாறு," என்றேன். வரிசைக்கே கேட்கும்படி மறுபடி சொன்னேன். "பதினாறு முடியல நர்சம்மா. பொய் சொன்னது நான். புள்ளயோட பாக்கெட்ட இவ தின்னா. தின்ன வச்சதும் நான்தான்."

எதிர்வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பேசியிருந்தால் தேவலை.

நர்சம்மா பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். "மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் இந்த நெலமைக்கு வந்திருக்க மாட்டாங்களேம்மா," என்றார், திட்டக்கூட இல்லை. பேரனை டவுனுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். வண்டி வரும்வரை வெளியே உட்காரச் சொல்லி, மகள் கையில் அவளுக்கென்று ஒரு பாக்கெட் கொடுத்தார்.

நான் பேரனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். மகள் பெஞ்சில் உட்கார்ந்து பாக்கெட்டைக் கிழித்தாள். கிழித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.