குறுக்கே விழுந்த குரல்

நாச்சாரத்தில் டிரான்ஸ்பார்மர் தொட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுப்பது காஞ்சனாவின் வேலை. மேலே கேபினில் இர்பான் இருப்பான். தொங்கும் தொட்டியின் அடிப்பக்கம் அவனுக்குத் தெரியாது. காஞ்சனா வாக்கிடாக்கி செட்டில் இந்தியில் "ஊப்பர்" என்றால் ஏற்றுவான், "நீச்சே" என்றால் இறக்குவான், "ரோக்" என்றால் நிறுத்துவான்.

பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்பத் தொடங்கியதிலிருந்து செட்டில் வேற்றுக் குரல்கள் விழுந்தன. அங்கேயும் ஒரு கிரேன், அங்கேயும் அதே சேனல். காஞ்சனா மேனேஜர் வரதராஜனிடம் போய்ச் சொன்னாள்.

"சேனலை மாத்தணும்னா கேட், ஸ்டோர் எல்லா செட்டையும் மாத்தணும்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, இடுப்பு உயரத்தில் ஒரு தொட்டி தொங்கிக்கொண்டிருந்தது. தொழிலாளி நந்தகுமார் குனிந்து அதன் அடியில் மரக்கட்டை வைத்துக்கொண்டிருந்தான். "ரோக்" என்று காஞ்சனா சொல்லி, இர்பானும் நிறுத்தியிருந்தான். திடீரென்று செட்டில் ஓர் ஆண் குரல் கரகரத்தது. "நீச்சே, நீச்சே, ஆனே தோ." பக்கத்து மனை ஆள் தன் கிரேனை இறக்கி வரவிடச் சொன்னான்.

காஞ்சனா பொத்தானை அழுத்தி "ரோக்! ரோக்!" என்று கத்தினாள். ஒரே சேனலில் இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் அலை பலமாக வருகிறவரின் குரல்தான் போய்ச் சேரும். மற்றது காற்றோடு போய்விடும். போகவில்லை என்பது பேசுகிறவருக்குத் தெரியவும் தெரியாது. பக்கத்து ஆள் உயரத்தில் நின்றான், இவள் இரும்புத் தொட்டிக்குப் பின்னால் நின்றாள். தொட்டி இறங்கிக்கொண்டே வந்தது. செட்டை வீசியெறிந்துவிட்டு தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே ஓடி வந்து இரண்டு கைகளையும் ஆட்டினாள். இர்பான் பார்த்து நிறுத்தியபோது நந்தகுமாரின் வலது கை அடியில் சிக்கியிருந்தது.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் அவன் மனைவி கமலா நின்றிருந்தாள். இருவர் வீடும் மெட்டுகுடாவில் ஒரே சந்தில்தான்.

"அக்கா, நீங்க நிறுத்துன்னு சொல்லலியா?"

"சொன்னேன் கமலா. கத்தினேன். அது போய்ச் சேரல."

"கையிலதானே வெச்சிருந்தீங்க?"



மறுநாள் வரதராஜன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "மதியானம் இன்ஸ்பெக்டர் வராரு. சிக்னல் இல்லாமலே இர்பான் இறக்கிட்டான்னு சொல்லிடு. அவன் கான்ட்ராக்ட் ஆளு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

வெளியே இர்பான் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

"சூப்பர்வைசர் பூபாலன் சார் சொல்றாருன்னு நினைச்சேன் அக்கா. அவரும் அப்பப்போ சிக்னல் தருவாரே. செட்டுல எல்லா ஆம்பளை குரலும் ஒண்ணாத்தான் இருக்கு."

"உன்மேல போடப் பார்க்கிறாங்க."

"ஹவ், தெரியும்" என்று தலையாட்டினான். உண்மையைச் சொல்லும்படி அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் முன்னால் காஞ்சனா நடந்ததை நடந்தபடியே சொன்னாள். தான் முன்பே எச்சரித்ததையும் சொன்னாள். வரதராஜன் சிரித்தார். "செட்டை ஆன் பண்ணுங்க சார், நீங்களே கேளுங்க."

செட் இரைந்தது, குரல் ஒன்றும் வரவில்லை. பக்கத்து மனையில் சாப்பாட்டு நேரம். காஞ்சனா "இருங்க சார், கொஞ்சம் இருங்க" என்றாள். இன்ஸ்பெக்டர் ஒரு டீயைக் குடித்து முடித்து எழுந்திருக்கும்போது, "தோடா ஊப்பர், பாய்" என்று அறைக்கு நடுவே ஒரு குரல் பேசியது. அவர் மறுபடி உட்கார்ந்தார்.

புது செட்டுகள் வந்தன. இப்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் சிக்னல். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லாமல் சுமை அசையாது. வழக்கு இர்பான்மேல் விழவில்லை. ஆனாலும் அவன் கேபினில் ஏற மறுத்துவிட்டான். "நக்கோ அக்கா, ஏணியில கால் வெச்சாலே அந்தக் குரல் கேக்குது" என்றான். காஞ்சனாவை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பழங்கள் வாங்கிக்கொண்டு நந்தகுமார் வீட்டுக்குப் போனாள். கமலா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அவரு தூங்கறாரு."

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நந்தகுமார் யாரிடமோ பேசுவதும் கேட்டது. காஞ்சனா பையை வாசற்படியில் வைத்துவிட்டு, "அப்புறமா வரேன் கமலா" என்று சொல்லித் திரும்பி நடந்தாள்.