சாமியப்பனின் மீசையும் அமெரிக்கத் தேர்தலும்

மண்ணரையில் மாதவனின் சலூனுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கண்ணாடி அல்ல, போர்டு. 'இங்கு அரசியல் பேசக் கூடாது.' எழுத்து ஒவ்வொன்றும் தேங்காய் பருமன். எழுதி மாட்டியவர் கட்டட உரிமையாளர் சாமியப்பன்.

காரணம் இருந்தது. 2006 தேர்தலின்போது பாதி முகம் மழித்த இருவர் சோப்பு நுரையோடு எழுந்து அடித்துக்கொண்டார்கள். கண்ணாடி உடைந்தது. அதில் ஒருவர் மீதி முகத்தை மழிக்க வராமலே போய், இன்றுவரை ஒரு பக்கத் தாடியோடு அவினாசிப் பக்கம் திரிகிறார் என்று கேள்வி. சாமியப்பன் அன்றே சொல்லிவிட்டார், இன்னொரு சண்டை வந்தால் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று.

இரண்டு வருடம் அமைதியாகத்தான் போனது. 2008 ஆடியில் காதர்பேட்டை பனியன் வியாபாரி உமரின் மகன் ஆதிப் வந்து, அந்த இடத்தைக் கேட்டான். எட்டு கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் வைப்பானாம். பையன்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவார்களாம், ஆனால் ஒருவனுக்கும் காயம் படாதாம். சாமியப்பன் மயங்கிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் பேப்பர் படிக்கும் சாக்கில் சலூனுக்கு வந்து உட்கார்ந்தார். எவனாவது அரசியல் பேசிச் சண்டை போடுவானா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பதினொரு வருடமாக அந்த ஒரு நாற்காலியை நம்பியிருக்கும் மாதவனுக்குக் கத்தி பிடிக்கும் கை நடுங்க ஆரம்பித்தது.

அப்போது ஊரே நிலைகொள்ளாமல் இருந்தது. அமெரிக்காவில் பேங்க் பேங்காகக் கவிழ, அந்த நாட்டுக்குப் பனியன் தைத்து அனுப்பி ஒன்றரை ஷிப்ட் ஓடிய இங்கத்திய கம்பெனிகள் ஒரு ஷிப்டுக்கே திணறின. வேலையில்லாத ஆண்கள் எல்லாரும் சலூன் பெஞ்சில் வந்து காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த ஆட்டத்தைக் கரண்ட்டாக மாற்றியிருந்தால் மின்வெட்டே வந்திராது. வாயையும் மூடச் சொன்னால் மனிதன் வெடித்துவிடுவான் அல்லவா?

நான்தான் வழி சொன்னேன். முப்பது வருடம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்பிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளைக்காரன் அனுப்பிய ஃபேக்ஸ் தாள்களைப் படித்துப் படித்தே வழுக்கை விழுந்தவன். அமெரிக்கத் தேர்தலைப் பேசுவோம் என்றேன். சாமியப்பன் உடனே போர்டைக் காட்டினார்.

"அது அரசியல் இல்லீங்க, டாலர்" என்றேன்.

அவர் போர்டை இன்னொரு முறை படித்துப் பார்த்து, டாலர் தொழில்தான் என்று ஒத்துக்கொண்டார். அதுதான் அவர் செய்த பிழை.

அமெரிக்காவில் ஒரு பெரியவரும் ஒரு இளையவரும் போட்டி. பெயர்கள் வாயில் நுழையாததால் பெரியவர், தம்பி என்றே வைத்துக்கொண்டோம். மாதவன் தம்பி கட்சி. நம் நிறத்தில் ஒருவன் அந்த மாளிகையில் உட்காரட்டுமே என்றான். சாமியப்பன் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் கேட்டார். எட்டாம் நாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வயதில் மூத்தவர் காத்திருக்கும்போது இளசுக்குக் கொடுத்தால் வீடு உருப்படுமா, நாடு உருப்படுமா என்று ஆரம்பித்தார். பிறகு அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை. நான் அன்றன்றைக்கு யார் பக்கம் பேச ஆள் குறைவோ அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டேன். அணையும் நேரத்தில் எண்ணெய் விடுவது ஒரு சேவை.

தீபாவளி கழிந்த வாரம் பேச்சு முற்றியது. சாமியப்பன் மீசையை நீவினார். அந்த மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு முனைக்கு ஒரு டஜன் வீதம் பனியன் காயப்போடலாம். அவர் தெரு திரும்பினால் முதலில் மீசை வரும், அவர் பின்னால் வருவார்.

"எம்பட ஆளு தோத்தா இந்த மீசைய நீங்களே எடுத்துப் போடுங்க. செயிச்சா கடைச் சாவியக் குடுத்துப் போடோணும்" என்றார்.

பெஞ்சு முழுக்க ஆட்கள். ஆதிப் வேறு வாசலில் நின்றுகொண்டிருந்தான். மாதவன் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "சரி அண்ணாச்சி" என்றான்.

அன்று அவன் மனைவி பாண்டியம்மாள், கருவலூர் மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். அமெரிக்க வேட்பாளருக்காக அந்த அம்மனிடம் விழுந்த முதல் விண்ணப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

முடிவு தெரியும் புதன்கிழமை காலை, சலூனில் இருந்த, அரசு கொடுத்த இலவச டிவியின் முன்னால் மண்ணரை முழுவதும் திரண்டுவிட்டது. சலூனின் கொள்ளளவு ஏழு பேர். உள்ளே எழுநூறு பேர் நின்றோம். மாதவன் ஒரே சீப்பைத் திரும்பத் திரும்பக் கழுவினான். சாமியப்பன் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்ததில் சிமெண்ட் தரை தேய்ந்து கல் தெரிந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

டிவி அணைந்ததும் ஆதிப்பின் செல்போன் அடித்தது. காதர்பேட்டையில் ஜெனரேட்டர் ஓடும் கடையிலிருந்து அவன் அப்பா பேசினார். "சரி வாப்பா, சரி வாப்பா" என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தான். அவனுக்கு அந்த இடம் வேண்டும். பொய் சொன்னால் ஒரு மணி நேரமாவது நிற்கும். அவன் மாதவனைப் பார்த்தான்.

"மாதவண்ணன் ஆளு செயிச்சுட்டாருங்க."

பெஞ்சு முழுக்க மீசையைத் திரும்பிப் பார்த்தது. சாமியப்பன் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி, வெளையாட்டுக்குப் பேசுனதுதான" என்றான் மாதவன்.

"பேச்சுன்னா பேச்சுங்க. எடுங்க."

மாதவன் நுரை பூசினான். கத்தி மூக்கின் கீழே வந்து நின்றுவிட்டது. எடுத்தால் சாமியப்பன் இந்த அவமானத்தை மறக்க மாட்டார், தை பிறப்பதற்குள் பூட்டு தொங்கும். எடுக்காவிட்டால் ஊர் அவரைப் பார்த்துச் சிரிக்கும், அதற்கும் பூட்டுதான். அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

கரண்ட் வந்தது. டிவியில் தோற்ற பெரியவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் கூச்சல் போட, அவர் கையை உயர்த்தி அடக்கினார். நுரைக்குள்ளிருந்து சாமியப்பன் கேட்டார்: "என்னங்க சொல்றாரு?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஷிப்மெண்ட், கேன்சல், வருந்துகிறோம், இவ்வளவுதான். ஜெயித்தவருக்கு வாழ்த்துச் சொல்கிறார் என்று மட்டும் புரிந்தது. அது போதவில்லை.

"தோத்தவன், செயிச்சவன் கடையில கை வெக்கக் கூடாதுங்கறாருங்க" என்றேன்.

சாமியப்பனின் கண் கண்ணாடியில் என்னைத் தேடிப் பிடித்தது.

"மண்ணரையில கடை இருக்கறது அவருக்கு எப்பிடீங்க தெரியும்?"

"டாலர் போற எடமெல்லாம் அவுங்களுக்குத் தெரியுமுங்க."

நுரை குலுங்கியது. சிரிப்பா கோபமா என்று நுரையை வைத்துச் சொல்ல முடியாது. "அவரே மீசை இல்லாமத்தான் நிக்கறாரு. எடுங்க மாதவன்" என்றார். இரண்டு இழுப்பு. பெருக்கியபோது ஒரு முறம் நிறைந்தது.

அதன் பிறகு அவர் வெளியே போகவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. அவர் மனைவி மாரக்காள் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். கலியாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அந்த மேலுதட்டை அவள் பார்த்ததில்லை. டீ குடிக்கத் துண்டை விலக்கியிருந்தவரிடமே, "ஏனுங்க, எங்கூட்டுக்காரரு இங்க வந்தாருங்களா?" என்று கேட்டாள். நம்பாதவர்கள் ஆதிப்பைக் கேட்கலாம், அவனும் பார்த்தான்.

"இல்லீங்க" என்றார் சாமியப்பன்.

மறுநாள் விடிந்ததும் அவர்தான் முதல் ஆள். மீசை பழையபடி வர எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். தினமும் வந்து ஓரம் ஒதுக்கினால்தான் பழைய வடிவத்துக்கு வரும், வேறு கையில் கொடுத்தால் கோணிவிடும் என்றான் மாதவன். வாசலில் தயங்கி நின்ற ஆதிப்பிடம், "மீசை மொளைக்கட்டுங் கண்ணு, அப்பறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். அவன் ஒரு மாதம் பார்த்துவிட்டு காதர்பேட்டையிலேயே மாடியில் ஓர் இடம் பிடித்துக்கொண்டான். நானும் ஒரு நாள் போய்க் கம்ப்யூட்டரில் சுட்டுப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் என் ஆட்களையே பதினாறு பேரைக் கொன்றேன்.

தை பிறந்தது, மாசியும் போனது. சாமியப்பன் தினமும் வந்து கண்ணை மூடிச் சாய்கிறார். மாதவன் ஓரம் ஒதுக்குகிறான். நான் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். ராத்திரி எவ்வளவு முளைக்கிறதோ, காலையில் ஏறக்குறைய அவ்வளவும் கீழே விழுகிறது. கை துளிகூட நடுங்குவதில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அவன் கத்தரியை மறுபக்கம் மாற்றிக்கொண்டான்.

பெஞ்சில் எல்லாருக்கும் கால் ஆடுகிறது. நம் ஊர்த் தேர்தலோ நெருங்கிவிட்டது, போர்டும் அதே இடத்தில் தொங்குகிறது. சாமியப்பன் மூடிய கண்ணைத் திறக்காமலே என்னைக் கேட்டார்:

"ஏனுங்க, அடுத்தது எந்த நாட்டுலீங்க எலெக்சன்?"