பனி முதலில் உருகும் பக்கம்

இல்தா மருமகளாக வந்த குன்றில் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் பனி எந்தச் சரிவில் முதலில் உருகுகிறதோ அதுதான் நெப்பியோலோ கொடிக்கு ஏற்ற இடம். அந்தத் திராட்சைக்கு வெயில் எவ்வளவு கிடைத்தாலும் போதாது. மற்ற ரகமெல்லாம் பறித்துப் பிழிந்து முடிந்த பிறகும், அக்டோபர் மூடுபனி வரும்வரை அது கொடியிலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

அவள் புருஷன் ரேமோ போன வசந்தத்தில் இறந்துபோனான். கொழுந்தன் செக்கொந்தோ குன்றை நடுவே பாதை விட்டு இரண்டாகப் பிரித்தான். கோடு போடுகிறவன் ஒருவன் என்றால் பாதியைத் தேர்ந்தெடுப்பவர் மற்றவர். ஆக, தேர்வு இல்தாவுடையது. முழுக் குன்றும் ஒரே வீட்டுக்குச் சொந்தமாக இருந்தவரை, எந்தப் பக்கம் பனி முந்தி உருகுகிறது என்று பார்க்க யாருக்கும் அவசியம் வரவில்லை. அதோடு ஏழெட்டு வருடமாகப் பனியும் பேருக்குத்தான் விழுந்தது.

"முதல் நல்ல பனி விழட்டும் அண்ணி, பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான் செக்கொந்தோ. "நெல்லு விளையற ஊர்க்காரங்க நீங்க. அப்புறம் என்னை ஏமாத்திட்டான்னு பேச்சு வரக்கூடாது பாருங்க."

இருபத்தொன்பது வருடமாகியும் அவள் அந்த வீட்டில் நெல்லுக்காரிதான். அதற்கு அவளும் ஒரு காரணம். வந்த வருடமே, பக்கத்து வரிசையில் பார்பெரா என்ற வேறு ரகக் கொடியை வெட்டுவதைப் பார்த்து, நெப்பியோலோவையும் இரண்டு மொட்டு விட்டு ஒட்ட வெட்டிவிட்டாள். அடி மொட்டில் அது காய்க்காது. நாற்பது கொடி அந்த வருடம் வெறும் இலையாக நின்றது, ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. முதல் தடவை பழத்தைக் கடித்தபோது துவர்ப்பில் வாய் கட்டிக்கொண்டது, துப்பினாள். அதன் ஒயினோ கண்ணுக்கு வெளுத்துப்போய்த் தெரியும், குடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்கும். இப்படியும் ஒரு பிடிவாதம் உண்டா என்று முதலில் எரிச்சல்பட்டாள், பிறகு அந்தப் பிடிவாதமே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வருடா வருடம் ஒவ்வொரு வரிசையிலும் நடந்து கடித்துப் பார்த்தாள். செக்கொந்தோவுக்கு டிராக்டர், பீப்பாய், வியாபாரம். இரண்டு பக்கத்துப் பழமும் ஒரே தொட்டியில் விழுந்ததால் அவனுக்கு வித்தியாசமே தெரியாது.

அவளுக்குத் தெரியும். இடப்பக்கம்தான் நல்லது என்று அவள் வாய் சொன்னது. ஆனால் வாயை மட்டும் நம்பி மிச்ச வாழ்நாளை ஒரு பாதி நிலத்தில் வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தப்பாகப் போனால் போய் நிற்க வேறு இடமில்லை. பனியும் அதையே சொல்லிவிட்டால் போதும் என்று காத்திருந்தாள்.

ஜனவரியில் முழங்கால் ஆழத்துக்கு விழுந்தது. மூன்றாம் நாள் வெயில் வந்தது. காலை பத்து மணிக்கு இல்தா ஏறிப் போனபோது இடப்பக்கம் கறுப்பு மண் தெரிந்தது, வலப்பக்கம் இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரிக்கவில்லை. குனிந்து மண்ணைத் தொட்டாள். விரலில் சாம்பல் நிறக் கூழ் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். அடுப்புச் சாம்பல்.

சாம்பல் தூவினால் பனி சீக்கிரம் கரையும் என்று யாருக்குத்தான் தெரியாது? அப்படியானால் இது செக்கொந்தோவின் வேலை, நிஜத்தில் முந்துவது வலப்பக்கம். இந்த ஊர் இருநூறு வருடமாக நம்புகிற பனி அவளுக்கு எதிராகச் சொல்கிறது. வலப்பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் மெச்சும் நிலம் அவளுடையது.

செக்கொந்தோ சாட்சிக்கு நிலத் தரகர் எர்கொலேயைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தான்.

"பனியே சொல்லிருச்சு போல அண்ணி!"

இல்தா சரிவை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இடப்பக்கம் எனக்கு" என்றாள்.

அவன் கையை நீட்டிய வேகத்தில் வழுக்கி விழாததுதான் பாக்கி. எர்கொலே பார்த்திருக்க இருவரும் கைகுலுக்கினார்கள். இனி பேச்சு மாறாது. கையை விடுவித்த பிறகு தன் விரலை அவனுக்குக் காட்டினாள்.

"எத்தனை வாளி அள்ளிக் கொட்டுன?"

எர்கொலே குனிந்து மண்ணைப் பார்த்தார். "அடப்பாவி! பொம்பளைகிட்டப் போய் இப்படிப் பண்ணுவியாடா?"

செக்கொந்தோவின் முகம் காது வரை சிவந்தது. "டிசம்பர்ல லேசா விழுந்தப்ப பாத்தேன். வலப்பக்கம்தான் முந்துச்சு. அதான்…" அவன் திடீரென்று நிமிர்ந்தான். "தெரிஞ்சுமா இதை எடுத்தீங்க?"

"உங்க தாத்தா காலத்துல வெயிலு கம்மிடா. அப்ப வலப்பக்கம் தங்கம்தான். இப்ப ஆறு வருஷமா அங்க செப்டம்பர்லயே தோல் சுருங்குது. கொட்டை பச்சையா இருக்கும், சாறு மட்டும் பாகு மாதிரி இனிக்கும். நம்ம ஒயின்ல இன்னும் ஒரு புளிப்பு நிக்குதுன்னா, அது இந்தப் பக்கத்துப் பழம். நீ எந்த வருஷமாவது வந்து ஒரு பழம் கடிச்சுப் பாத்தியா?"

அவன் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணி… கையெழுத்து இன்னும் போடலையே…"

"கைகுலுக்கியாச்சு" என்றார் எர்கொலே. "வாயை மூடு."

இல்தாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும். இனி பழம் கெட்டால் செக்கொந்தோவையோ பனியையோ குறை சொல்ல முடியாது. இந்த நிலத்தை எடுத்தது அவள் நாக்கு. அந்தப் பயம்கூட அவளுக்குப் பிடித்திருந்தது.

எர்கொலே முன்னால் இறங்கிப் போய்விட்டார். செக்கொந்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாதையிலேயே நின்றான்.

"அண்ணி, செப்டம்பர்ல என் பக்கமும் ஒருதரம் வந்து கடிச்சுப் பாத்துச் சொல்றீங்களா? எப்ப பறிக்கலாம்னு?"

அந்தக் குன்றில் இதுவரை அவளிடம் ஒருவரும் கேட்டிராத கேள்வி அது. ரேமோகூடக் கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கியது, மறைக்கவும் தோன்றவில்லை.

"வரேன்" என்றாள். "ஆனா நான் சொல்ற அன்னிக்குத்தான் பறிக்கணும்."

"சரிங்க அண்ணி" என்றான் அவன்.