அக்காள் வீட்டு ஜன்னல்

கருவியை ஜன்னல் சட்டத்தில் வைத்து அழுத்திக்கொண்டு தம்பிக்காரன் வாய்க்குள் எண்ணத் தொடங்கினான். பத்து வரை எண்ண வேண்டும். அதுவரைக்கும் கை அசையக் கூடாது. ஆபீசில் மற்றவர்கள் கருவியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். இவன் ஒருவன்தான் எண்ணுவான். பார்வைக்கு, கடையில் விலைச்சீட்டு ஒட்டுகிற துப்பாக்கி மாதிரி இருக்கும் அது. மேலே எத்தனை பூச்சு அடித்திருந்தாலும் சரி, அடியில் இருக்கிற பழைய பெயிண்டில் ஈயம் எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லிவிடும். பதினாலு வருஷமாக ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் அளந்து திரிந்தவன், கூடப் பிறந்த அக்காள் வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு வந்தது இன்றைக்குத்தான்.

எட்டு, ஒன்பது, பத்து. கணக்குப்படி ஒன்றைத் தொட்டாலே ஆபத்து என்று எழுத வேண்டும். ஆறு புள்ளி எட்டு என்று காட்டியது.

"என்னடா சொல்லுது உன் மெஷின்?" என்று சமையலறையிலிருந்து அக்காள் குரல் கொடுத்தாள்.

"இன்னும் முடியலக்கா."

முடிந்துவிட்டது. சொல்லப்போனால், வாசல்படி ஏறுவதற்கு முன்பே அவனுக்கு இந்த எண் தெரியும். ஏழா, ஆறா என்பதுதான் தெரியாது. அதனால்தான், உறவுக்காரர் வீட்டை உறவுக்காரரே சோதிக்கக் கூடாது என்று விதி இருந்தும், கூட வேலை பார்ப்பவரிடம் அந்தக் காரணம் இந்தக் காரணம் சொல்லி, கெஞ்சிக் கூத்தாடி, இந்த வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தான். வேறொருவர் வந்தால் ரிப்போர்ட் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அக்காள் அதைப் படிப்பாள். படித்துவிட்டு யோசிப்பாள். அந்த யோசனை எங்கே போய் நிற்கும் என்பதுதான் அவனுடைய பயம்.

அக்காளுக்குப் பத்து நாளாகத் தலைகால் புரியவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் நர்ஸ், தன்னுடைய பத்து மாதப் பெண் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள முடியுமா என்று இவளிடம் கேட்டிருந்தாள். சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற வீடு என்றால் தம்பிக்காரனுடைய ஆபீசிலிருந்து சோதனை செய்து சான்று கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. அக்காள் இப்போதே துணிப் பொம்மை ஒன்று தைத்து வைத்திருந்தாள். தொட்டிலுக்கு எந்த மூலை, பால் புட்டிக்கு எந்த அலமாரி என்று எல்லாம் முடிவாகியிருந்தது.

இதில் இவ்வளவு துள்ளுவதற்கு என்ன இருக்கிறது என்று வெளியாட்களுக்குத் தோன்றலாம். இருபத்தேழு வருஷத்தில் ஒருத்தர்கூட ஒரு குழந்தையை அவள் கையில் கொடுத்ததில்லை. உறவுக்காரப் பெண்கள் பிள்ளையோடு வருவார்கள். இவள் கையை நீட்டுவாள். அவர்கள் பிள்ளையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "புது முகம்னா அழும்க்கா" என்று சிரித்து மழுப்புவார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவளும் கையை மடக்கிக்கொண்டு, குடிக்க ஏதாவது கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விடுவாள். அவளுடைய பிள்ளை ஒன்பது மாதத்தில் அவள் இடுப்பிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குக் கொஞ்ச நேரம் அழுதான், பிறகு பால் குடித்தான், தூங்கினான். ஆனால் இரண்டரை வயதில்தான் நடந்தான். நாலு வயதில்தான் ஒரு சொல் வந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அக்காள் புருஷன் ஐந்து வருஷமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டான்: "கையில இருக்குற பிள்ளை எப்படி விழும்?" பிறகு அதையும் கேட்காமல், வீட்டைவிட்டே போய்விட்டான். அதற்கப்புறம் அதை அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தேழு வயது. வீட்டில் அவனுக்கு மேனேஜர் என்று பேர். யார் வந்தாலும் வாசலை மறித்துக்கொண்டு, "யாரைப் பாக்கணும், என்ன விஷயம்?" என்று விசாரித்துத்தான் உள்ளே விடுவான் என்பதால் அக்காள் வைத்த பேர். இன்றைக்கும் விசாரித்தான். "ஜன்னலைப் பாக்கணும் சார்" என்று மாமன் சொன்னதும், கொஞ்சம் யோசித்து, "சரி, பாத்துட்டுப் போங்க" என்று அனுமதி கொடுத்தான். இப்போது கூடத்தில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாள்களைக் கிழித்து மாத வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஜன்னல் வான நீலம். அந்த நீலத்தை அடித்தவனே தம்பிக்காரன்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது, வேலை வெட்டி கிடையாது. அக்காளுக்கு எட்டு மாதம். பழைய பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. பிள்ளை வருகிற அறை பளிச்சென்று இருக்க வேண்டாமா? உப்புத்தாள் வாங்கிவந்து மூன்று நாள் தேய்த்தான். தூசி பக்கத்து வீட்டுத் துணியில் படிந்தால் சண்டைக்கு வருவார்கள் என்று ஜன்னலை இறுக்கச் சாத்திக்கொண்டு தேய்த்தான். அறை முழுக்கப் பனி இறங்கிய மாதிரி ஆகிவிட்டது. அவன் புருவமெல்லாம் வெளுத்திருந்தது. அக்காள் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்று, "கிழவன் மாதிரி இருக்கடா" என்று சிரித்தாள். நாலாம் நாள் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிட்டு நீலம் அடித்தான். தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டு, "என் தம்பி பண்ணது" என்று அக்காள் காட்டினாள். வேலையில்லாதவன் என்று ஊரே ஏசிக்கொண்டிருந்த காலத்தில் அவனை அப்படிக் காட்டிப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஆபீசில் வகுப்பு வைத்தார்கள். வகுப்பெடுத்தவர் திரையில் ஒரு படத்தைப் போட்டார். ஒரு ஆள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு காய்ந்த பெயிண்டைத் தேய்க்கிறான். "இவர் கெட்டவர் இல்ல. பொறக்கப் போற பிள்ளைக்காகத்தான் சுரண்டுறார். உரிஞ்ச பெயிண்டை அப்படியே விட்டிருந்தாக்கூட இவ்வளவு கெடுதல் இல்ல. இவர் கிளப்பிவிட்ட தூசி தரையிலயும் இடுக்குலயும் வருஷக்கணக்கா கிடக்கும். பிள்ளை அதுலதான் தவழும், அந்தக் கைய வாயில வைக்கும்" என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். இவனுக்குக் கை ஓடவில்லை. அன்று சாயங்காலமே சொல்லிவிடுவது என்று இந்த வீட்டுக்கு வந்தான். அக்காள் தட்டு வைத்தாள். சாப்பிட்டான். மேனேஜர் ஒரு படக்கதையைக் காட்டி மூன்று தடவை கதை சொன்னான். கேட்டான். எழுந்து போய்விட்டான். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தான். அடுத்த வாரம் பதினாலு வருஷமாகிவிட்டது. இடையில் போன வீடுகளிலெல்லாம், "காய்ஞ்சதைத் தேய்க்காதீங்க, தண்ணி தொட்டுத் தேய்ங்க, பிள்ளையை வேற வீட்டுக்கு அனுப்பிட்டுத் தேய்ங்க" என்று தொண்டை வறளச் சொன்னான். கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வான். திட்டிக்கொள்வதோடு சரி.

அக்காள் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். "இப்பவாவது சொல்லு. பாஸா ஃபெயிலா?"

"இந்த ரூம் ஆகாதுக்கா. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கு. சரி பண்ணிடலாம், ஆள் இருக்காங்க. ஒரு ரெண்டு மாசம் ஆகும்."

அவள் முகம் வாடிப்போயிற்று. "நர்ஸ் அடுத்த வாரம் வேலைக்குப் போகணுமேடா" என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "இதுல ஏது பழைய பெயிண்ட்? நீதான் எல்லாத்தையும் சுரண்டி எடுத்தியே."

"மூலையிலல்லாம் மிச்சம் இருக்கு."

"இருந்தா என்ன பண்ணும்?"

இந்தக் கேள்விக்கு நூறு வீட்டில் சொன்ன பதில் அவனிடம் இருந்தது. நாக்குப் பழக்கத்தில் வந்துவிட்டது. "தூசி வயித்துக்குள்ள போனா பிள்ளைங்களுக்கு மூளை வளர்ச்சியத் தடுக்கும். நடை, பேச்சு, படிப்பு எல்லாம் மெதுவாயிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அக்காள் கூடத்துப் பக்கம் திரும்பினாள். மேனேஜர் பிப்ரவரியை மார்ச்சுக்கு மேலே வைத்து, தள்ளி நின்று சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"இவன் இந்த ரூம்லதான் தவழ்ந்தான்" என்றாள் அவள். "இந்த ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னான். கம்பிய நக்கிக்கிட்டே நிப்பான். என்னடா அதுல ருசின்னு நான் கேலி பண்ணுவேன்."

அதற்கு மேல் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. தம்பிக்காரன் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். நிமிராமல், ரிப்போர்ட் வாசிப்பதைப் போல, மூன்று நாள் தேய்த்ததையும் ஜன்னலைச் சாத்தியதையும் துடைப்பத்தையும் வரிசையாகச் சொன்னான். அக்காள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வேலைக்குச் சேர்ந்தப்போ."

"பதினாலு வருஷமா?"

"ஆமாக்கா."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரோ மூன்றாம் மனிதரிடம் வழி கேட்பதைப் போல மெல்லக் கேட்டாள்.

"அப்போ, நான் கீழ போட்டதால இல்லையா?"

அவனுடைய தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு. கருவி என்ன காட்டுகிறதோ அதற்கு மேல் ஒரு சொல் சொல்லக் கூடாது. எத்தனையோ தாய் தகப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இதனாலதானா, இதனாலதானா என்று கேட்டிருக்கிறார்கள். சொல்ல முடியாதுங்க என்றுதான் சொல்லியிருக்கிறான். அது உண்மையும்கூட. அந்த வயதில் ரத்தத்தைச் சோதித்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். இருபத்தேழு வருஷம் கழித்து எந்தக் கருவியும் சொல்லாது. தூசியாக இருக்கலாம். விழுந்ததாக இருக்கலாம். இரண்டுமாக இருக்கலாம். இரண்டும் இல்லாமல், பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாம். தெரியாது என்பதுதான் சரியான பதில். அக்காள் முகத்தைப் பார்த்தான். அவள் மூச்சுவிடுவதைக்கூட நிறுத்திக் காத்திருந்தாள்.

"இல்லக்கா" என்றான். "நீ போட்டதால இல்ல. நிச்சயமா இல்ல."

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். போனில் எண்களை அழுத்துகிற சத்தம் கேட்டது. எதையும் பார்க்காமல், மனப்பாடமாக அழுத்தினாள். நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் பாரத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினான். அறை, திசை, பரப்பு, அளவு. ஆறு புள்ளி எட்டு என்று எழுதினான்.

"நான்தான் பேசறேன்" என்றாள் அக்காள். "நல்லாருக்கான். இல்ல, அதுக்காகப் போன் பண்ணல."

அவனுக்குக் கை நின்றது. புருஷனோடு பேசுகிற இந்தக் குரலை அவளிடம் கேட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"நான் போட்டதால இல்லையாம். ஜன்னல் பெயிண்ட்டாம். ஆமா, அந்த நீல ஜன்னல்தான். என் தம்பி பண்ணது."

அந்தப் பக்கத்திலிருந்து பேசுவது கேட்கவில்லை. அக்காள் மட்டும் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் எதுக்குக் கதை கட்டணும்? அவனே சொன்னான். அவனுக்கு இதுதானே வேலை" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்து, பிறகு சரியாயிற்று. நடந்துவரும் ஓசை கேட்டது. போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அறைவாசலில் வந்து நின்றாள். கண் நனைந்திருந்தது. ஆனால் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, நிமிர்ந்து நின்றாள்.

"எழுதித் தருவியான்னு கேக்குறாரு."

பாரத்தில் அதற்கு இடம் இல்லை. இப்படி ஒன்றை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டால், நாளைக்கு ஆபீசில் யாராவது எடுத்துப் பார்த்தால் வேலை போய்விடும். அதைப் பற்றி அவனுக்கு அந்த நேரத்தில் பெரிய கவலை வரவில்லை. இத்தனை வருஷத்தில் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதியதில்லை என்பதுதான் கையைப் பிடித்தது. அக்காள் போனைப் பொத்தியபடி நின்றாள்.

தாளைத் திருப்பினான். பின்பக்கம் ஒன்றும் அச்சடிக்காமல் வெறுமையாக இருந்தது. தேதி போட்டான். 'இந்த வீட்டுப் பிள்ளையின் தாய்மாமனாகிய நான்' என்று எழுதிவிட்டு, அடுத்த வார்த்தைக்குப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். மேனேஜர் காலண்டரை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தாளின் மேல் விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தான். ஈரமாக இருந்த மை அவன் விரலில் ஒட்டிக்கொண்டே போயிற்று.

"எழுதிக்கிட்டிருக்கான்" என்றாள் அக்காள், போனில். "கொஞ்சம் இருங்க."