வாசனை ஆகாத வீடு

“அந்தப் பூவை வெளிய எடுத்துட்டுப் போ ஹசின்டா. எத்தனை தடவ சொல்றது?”

“செத்தவ தலமாட்டுல பூ வைக்காதேன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான் மச்சான்.”

“கீழ தொட்டியில சாறு பொங்கிட்டிருக்கு. லில்லி வாசம் தரை இடுக்கு வழியா எறங்கும். இந்த வருச ஒயினே நாசமாயிடும்.”

“ஒரு கொத்துப் பூவுல நாசமாப் போற ஒயினையா வெளிநாட்டுக்காரன் காசு குடுத்து வாங்குறான்? பாவம் அவன்!”

நியேவெஸ் வெந்நீர்ப் பாத்திரத்தோடு மாடிப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் அவள் அம்மா அமாலியா கிடந்தாள். விடியற்காலையில்தான் மூச்சு நின்றது. உடம்பு இன்னும் முழுசாகக் குளிரவில்லை. அதற்குள் அப்பாவும் சித்தி ஹசின்டாவும் தொடங்கிவிட்டார்கள்.

அப்பா காசிமிரோ அறையை விட்டு வெளியே வந்தார். மகளைப் பார்த்து, “தண்ணியில சோப்பு கலக்கலையே?” என்றார்.

“இல்ல.”

“ம்” என்று கீழே இறங்கிப் போனார்.

பெனியா சோர்தா மலையில் காசிமிரோவின் மூக்குதான் சட்டம். கீழே கடற்கரை ஊர்களில் திராட்சை பறித்து முடித்து ஒரு மாதமான பிறகுதான் இந்த உயரத்தில் பழம் கனியும். அந்த மலைச்சரிவில் விளைந்தது தவிர ஒரு கொத்து திராட்சைகூட அவர் பாட்டிலுக்குள் போனதில்லை. அதைச் சொல்லித்தான் விற்றார். மாட்ரிட்டிலிருந்து வந்த பத்திரிகைக்காரர்கள் அந்த மூக்கைப் பக்கவாட்டில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு அடியிலேயே ஒயின் கூடம். அதனால் வீட்டுக்குள் எந்த வாசனையும் ஆகாது. மத்தி மீன் பொரிப்பதென்றால் பனிக்காலத்திலும் அம்மா அடுப்பைத் தூக்கிக்கொண்டு பாதாம் கொட்டகைக்குப் போக வேண்டும். தரை துடைக்க மருந்து கிடையாது, வெறும் தண்ணீர். நியேவெஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா ஜன்னலில் ஒரு மல்லிகைத் தொட்டி வைத்தாள். மொட்டு விட்ட அன்றைக்கே அப்பா அதைப் பள்ளத்தாக்கில் வீசினார். அம்மா ஜன்னல் விளிம்பில் சிந்திய மண்ணைக் கையால் வழித்து எடுத்தாள்.

நியேவெஸுக்கு மொத்ரிலில் ஒரு கடற்கரை ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. எப்போது மேலே வந்தாலும் அப்பா வாசலிலேயே மறித்து, “குளிச்சிட்டு உள்ள வா” என்பார். கட்டியணைப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அவள் அறைக்குள் வந்ததும் சித்தி கதவைச் சாத்தினாள். பூ வைத்திருந்த வாளியைக் காலால் தள்ளிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தாள்.

“எடுத்துட்டுப் போகச் சொன்னாருல்ல?”

“எடுத்துட்டேன். கண்ணுல படாத எடத்துக்கு.”

இருவரும் அமாலியாவைத் துடைத்தார்கள். அம்மாவின் கை விரல்கள் வெடித்து, திராட்சைக் கறை உள்ளே ஊறிப்போய் இருந்தன. எத்தனை தேய்த்தும் போகவில்லை. நியேவெஸ் தலை வாரத் தொடங்கியபோது சித்தி தன் கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். பிள்ளைகளுக்குத் தடவுகிற யூடிகோலன் வாசனைத் தண்ணீர். பெரிய பாட்டில், பாதிதான் இருந்தது.

“இது யாரோடது சித்தி?”

“உங்கம்மாவோடது.”

“அம்மாவோடதா?”

“சனிக்கிழம சந்தைக்கு வர்றேன்னு எங்க வீட்டுக்கு வருவாள்ல. வந்ததும் மொத வேலை, தலையில ஊத்தி நல்லா வாரிக்குவா. கண்ணாடி முன்னாடி ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருப்பா. பேசக்கூட மாட்டா. அப்புறம் எந்திரிச்சு, குழாயடியில தலைய அலசிட்டு, ஈரத்தோட பஸ் ஏறுவா. ஏன்க்கா, சளி பிடிக்கும்னா சிரிப்பா.”

நியேவெஸ் பாட்டிலை வாங்கினாள். கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி அம்மாவின் தலையில் தடவினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, நேராகவே கவிழ்த்துவிட்டாள். தலையணை நனைந்தது. அம்மாவின் கழுத்து, காது, கருப்புச் சட்டையின் கழுத்துப்பட்டி எல்லாம் நனைந்தது. அறை முழுக்க எலுமிச்சைப் பூ வாசம். கண் எரிந்தது.

“அடியே, போதும்டி! மச்சான் வந்தா வீட்டக் கொளுத்திடுவாரு.”

“வரட்டும். வந்து சொல்லட்டும், பொணத்துக்கும் வாசன ஆகாதுன்னு. நானும் ரெண்டு வார்த்த சொல்றேன்.”

அவர் வந்தார். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதும் சித்தி சுவரோரம் ஒதுங்கினாள். நியேவெஸ் சீப்பைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். வாயில் வார்த்தை தயாராக இருந்தது.

காசிமிரோ கட்டிலருகே வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். குனிந்து மனைவியின் நெற்றியில் முத்தமிட்டார். அந்த முகம் ஈரத் தலைமுடியில் வெகுநேரம் பதிந்து கிடந்தது. பிறகு நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“பூவ எடுத்தாச்சா?”

சித்தி கட்டிலுக்கு முன்னால் நகர்ந்து நின்றாள். “எடுத்தாச்சு மச்சான்.”

அவர் மூக்கால் ஆழமாக மூச்சை இழுத்தார். “இப்பத்தான் மூச்சு விட முடியுது” என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

கட்டிலுக்கு அடியில் லில்லி, கட்டிலின் மேல் யூடிகோலன். நியேவெஸ் சித்தியைப் பார்த்தாள். சித்தி கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“ம்.”

“எப்போலேந்து?”

“சில வருசத்துக்கு முன்னாடி காய்ச்சல் வந்து படுத்தாருல்ல, அதுக்கப்புறம் மூக்குக்கு வாசனையே திரும்பி வரல. ஒரு நாள் அடுப்புல பால் கருகிப் புகையுது. பக்கத்துலயே உக்காந்து ரொட்டி தின்னுட்டிருக்காரு. உங்கம்மா ஓடி வந்து பாத்திருக்கா. பாத்தும் ஒண்ணும் கேக்கல. ஒயின் பதத்தக் கருவி வச்சு அளக்குறதெல்லாம் டவுன்லேந்து வர்ற பொண்ணு பாத்துக்குது. இவரு வாய்க்கு ஒயின மோந்து சொல்ற அந்தப் பழைய வார்த்தைங்க மனப்பாடம். வண்டி ஓடுது.”

“அப்ப எதுக்கு சித்தி அம்மா இத்தன வருசம் தலைய அலசி அலசி... பூசிக்கிட்டே வீட்டுக்கு வந்திருக்கலாமே! அவருக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே!”

“அதான்டி. பூசிக்கிட்டுப் போயி, அவரு ஒண்ணும் சொல்லாம விட்டா? கூடத்து ஆளு எவனாவது மோந்துட்டுச் சொன்னா, இவளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும்ல. அதுக்காகத்தான் அலசினா.”

நியேவெஸ் சீப்பிலிருந்த நரைமுடியைப் பிரித்து எடுத்தாள்.

“நான் கேக்கத்தான் போறேன்.”

“கேட்டு?”

“கேக்கணும் சித்தி. ஒரே ஒரு தடவ அவரு வாயால சொல்லணும்.”

மறுநாள் நண்பகலில் அடக்கம். பெட்டியைத் தூக்கிய நால்வரில் மூவர் வழியெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூடியின் இடுக்கு வழியே வாசம் அப்படி வந்தது. முன்னால் பிடித்திருந்த காசிமிரோ நேராகப் பார்த்து நடந்தார். கல்லறைச் சுவரில் ஒரு மாடத்துக்குள் பெட்டியைத் தள்ளினார்கள். கொத்தனார் செங்கல் வைத்துப் பூசும்போது காற்று சாந்தை உலர்த்திக்கொண்டே இருந்தது. அவர் மெதுவாகத் திட்டியபடி இரண்டு தடவை பூசினார்.

வீட்டுக்குத் திரும்பியதும் சமையலறையில் சூப்பும் ரொட்டியும் பன்றித்தொடை வற்றலும் வைத்தார்கள். வெளியூர் ஆட்கள் போய்விட்டார்கள். ஒயின் கூடத்து மேஸ்திரி ஃபெர்மினும் பக்கத்து மலைத் தோட்டக்காரர் லெயாந்த்ரோவும் சித்தியும்தான் மிச்சம். ஆண்கள் இருவரும் பிறந்ததிலிருந்து ஒயினுக்குள்ளேயே வளர்ந்தவர்கள்.

காசிமிரோ கீழேயிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தார்.

“அமாலியா கடைசியா அறுவடைக்கு எறங்குன வருசத்தோடது. அவளுக்காக” என்று திறந்து எல்லாருக்கும் ஊற்றினார்.

ஊற்றும்போதே நியேவெஸுக்குத் தெரிந்துவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த சாக்கு போன்ற நாற்றம். பாட்டிலின் கார்க் மூடி கெட்டு ஒயினைக் கெடுத்திருந்தது. ஃபெர்மின் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், உடனே கீழே இறக்கினார். லெயாந்த்ரோ மேசைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் குவிக்க ஆரம்பித்தார்.

காசிமிரோ கண்ணை மூடி முகர்ந்தார். “காட்டுத் துளசி. மழை பட்ட சிலேட்டுக் கல்லு. கடைசியில ஒரு அத்திப்பழம். இந்த மலையத் தவிர வேற எங்கயும் இது வராது.” கண்ணைத் திறந்து சிரித்தார். “பாவம் அமாலியா. என்கூட இத்தன வருசம் இருந்தும் இதெல்லாம் அவளுக்குப் பிடிபடவே இல்ல. அவளுக்கு மூக்கே கெடையாது.”

நியேவெஸ் கிளாஸை மேசையில் வைத்தாள்.

“அப்பா, இது கெட்டுப்போச்சு.”

காசிமிரோவின் சிரிப்பு நின்றது.

“என்னது?”

“ஒயின் கெட்டுப்போச்சு. நாறுது. இங்க இருக்குற எல்லாருக்கும் தெரியுது, உங்களத் தவிர.”

காசிமிரோ மகளைப் பார்த்தார். பிறகு ஃபெர்மினைப் பார்த்தார். ஃபெர்மின் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

“நல்லாத்தான இருக்கு முதலாளி. பாப்பா துக்கத்துல பேசுது.”

“ஓட்டல் சோப்பையே மோந்துட்டுக் கெடந்தா மூக்கு அப்படித்தான் ஆகும்” என்றார் லெயாந்த்ரோ. சிரிக்கவும் செய்தார். அவரும் குடித்தார்.

நியேவெஸ் சித்தியின் பக்கம் திரும்பினாள். “சித்தி, நீங்க சொல்லுங்க.”

சித்தி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தொட்டிகளில் சாறு பொங்கும் மெல்லிய சத்தம் தரை வழியே கேட்டது. அவள் கிளாஸைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தாள். தொண்டையில் நின்றதை முழுங்கினாள்.

“அருமை மச்சான்” என்றாள்.

காசிமிரோ தன் கிளாஸை மெல்லச் சுழற்றினார். மூக்கை அதற்குள் விட்டார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கிளாஸின் விளிம்புக்கு மேலே தெரிந்த அந்தக் கண்கள் ஒவ்வொரு முகமாகப் போய்வந்தன. கிளாஸை அவர் இறக்கவே இல்லை. அவர் மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும், திரும்பத் திரும்ப.

நியேவெஸ் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா, கூடாதா? உங்களுக்குத் தோன்றுவதை மறைக்காமல் எனக்குப் பதில் எழுதுங்கள்.