கைப்பட எடுத்த படம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்று யாராவது காட்டிவிட்டால் சொன்ன நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும், எழுதிய பேனா சட்டைப் பையிலேயே மை கக்கட்டும். அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர் ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு வந்து, சாய்ந்துகொண்டிருந்த படுக்கையறைச் சுவரை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கிப் பிடித்தார். பத்தொன்பது வருடம் கையை எடுக்கவில்லை. அப்போது அவர் மனைவிக்கு ஐந்தாவது மாதம். அவர் முதுகுக்குப் பின்னால்தான் அவள் கட்டில். மரக்கட்டையால் முட்டுக் கொடுத்தார்கள், அவர் கையை ஒரு விரற்கடை நகர்த்தியதும் தீக்குச்சி போல ஒடிந்தது. இரும்புக் குழாய் வைத்தார்கள், அது வெட்கப்பட்டதுபோல் வளைந்தது. கொத்தனார் சுவரில் காதை வைத்துக் கேட்டார். "அண்ணே, இது உங்க கைக்குப் பழகிடுச்சு. வேற யாரு தொட்டாலும் கோச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, கரணையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு மனைவிதான் சோறு ஊட்டினாள், சவரம் செய்தாள், பித்தான் போட்டுவிட்டாள். மூக்கு அரித்தால் அவர் குரல் கொடுப்பார், கரண்டியும் கையுமாக ஓடி வருவாள். தூக்கம் நின்றபடியேதான், குதிரையைப் போல. தெருக்காரர்கள் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள், மறுவாரம் மறந்தார்கள். யாரையாவது "கையாலாகாதவனே" என்று திட்டிக்கொண்டு வருகிறவர்கள் அந்த வீட்டு வாசலில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அவ்வளவுதான் மரியாதை. நான்கு மாதம் கழித்து மகள் பிறந்தாள். தவழ்ந்து வந்து காலைப் பிடித்துக்கொண்டு "தூக்கு" என்றாள். அது அவள் பேசிய முதல் வார்த்தை. "இதோ கண்ணு, சுவரை இறக்கி வெச்சுட்டு வந்துடறேன்" என்றார் அவர். பிள்ளையை ஒரே ஒரு தடவை தூக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

சுவரைச் சரிசெய்ய மராமத்து அலுவலகம் ஆள் அனுப்பும். ஆனால் விரிசலின் படம் வேண்டும், அதை வீட்டுக்காரர் தன் கைப்பட எடுத்திருக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் அச்சாகியிருந்தது. "அவருக்குக் கை ஓய்வில்லைங்க, நான் எடுத்துத் தரட்டுமா?" என்று மனைவி கேட்டாள். எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நல்லா இருக்கும்மா கதை! நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வந்து எடுப்பான். கைப்படன்னா கைப்படத்தான்."

ஆகவே மனைவி தன் அண்ணனிடம் கெஞ்சி உள்ளங்கையளவு கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, அதைக் கையில் பிடிக்காமல் உடம்போடு மாட்டிக்கொள்ள ஓர் உறை தேடிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் மேசை முழுக்கப் பரப்பினார். "இதை மாட்டினா கைய வீசிட்டுப் போலாம்க்கா. மலை ஏறலாம், சைக்கிள் ஓட்டலாம். உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" "சும்மா நிக்கிறாருங்க." "அப்ப இது போதும்" என்று கழுத்தில் தொங்கும் வார் உறையைக் கொடுத்தார். அது வயிற்றில் தொங்கித் தரையைப் பார்த்தது. கேமராவோடு வந்த நீளக் கம்பியின் நுனிப் பொத்தானை அவர் வாயில் வைத்துக் கடித்தால் படம் விழும். விழுந்ததெல்லாம் அவருடைய கால் விரல்களும் அவற்றின் மேல் தலைவைத்துத் தூங்கும் குழந்தையும்தான். 'விரிசல் தெரியவில்லை, குழந்தை தெரிகிறது' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். பதில் வர இரண்டு வருடம் ஆனது. அடுத்து இடுப்பு வாரில் கோத்த பவுச். அதற்குள் மகள் இடுப்புயரம் வளர்ந்து, அப்பாவின் இரண்டு கைகளுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து நின்றுகொள்ளப் பழகியிருந்தாள். வீட்டுப்பாடம் எழுதுவதும் அங்கேதான். அந்த ரோல் முழுக்க அவள் தலை வகிடு. 'விரிசல் என்று கருத இடமில்லை' என்று பதில் வந்தது. பிறகு மார்பில் குறுக்காக மாட்டும் பட்டை. அது வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது; முப்பத்தாறு படத்திலும் அவள் நெற்றி, ஒன்றில் மட்டும் ஒரு பரு. "கொஞ்சம் நகரேண்டி, அந்தச் சுவரு தெரியட்டும்" என்பாள் அம்மா. "நான் நகந்தா அப்பா யாரைப் பாப்பாரு? சுவரையா?" என்பாள் மகள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இங்கே சுவரைத் தவிர மற்றதெல்லாம் சித்திரமாக வந்தது.

கடைசியில் மனைவி கடைகளை நம்புவதை விட்டாள். பழைய கூடாரத் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, கேமரா வலது தோளில் பக்கவாட்டாக உட்காரும்படி ஓர் உறை செய்தாள். வளைத்த தேக்கரண்டி ஒன்றை அதில் பொருத்தினாள். தாடையால் அழுத்தினால் போதும். ஆறு தடவை பிரித்து ஏழாவது தடவை தைத்தாள். ஒரே படம், சுவர் உச்சியிலிருந்து தரைவரை விரிசல் ஆறு மாதிரி ஓடியது. எழுத்தருக்குத் தலை நரைத்திருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அருமைம்மா, இப்படி ஒரு விரிசல் என் சர்வீஸ்ல பாத்ததில்ல" என்றார். முத்திரையைக் கையில் எடுத்தவர் நிறுத்தினார். "எதால அமுக்கினாரு?"

"தாடையாலங்க."

"அப்ப இது தாடைப்பட. கைப்பட இல்லையே." அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது, கோப்பை மூடும்போது மெதுவாக மூடினார்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். "போனா போகட்டும், விடு" என்றார் அவர். "எதை விட?" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சுவரும் லேசாக அதிர்ந்தது. அந்த உறையில் அவள் வெங்காயம் போட்டு அடுப்படியில் மாட்டினாள்.

மகள் பத்தொன்பது வயதில் வேலை கிடைத்து வெளியூர் கிளம்பினாள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, குனிந்து பழைய இடத்தில் நுழைந்து சற்று நேரம் நின்றாள். இப்போது இரண்டு பேர் தலையும் ஒரே உயரம்.

"இதோ கண்ணு, சுவரை இறக்கி வெச்சுட்டு வந்துடறேன்."

"மெதுவா வாங்கப்பா. ஒண்ணும் அவசரமில்ல."

அந்த மாதமே அவர் நின்றபடி போனார். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு கைகளும் மட்டும் சுவரிலேயே நின்றுவிட்டன. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை, சுவர் நிற்கிறதல்லவா. மனைவி வெளியூருக்கு மகளோடு இருக்கப் போய்விட்டாள். வாடகைக்கு வந்தவர்கள் ஒரு கையில் துண்டும் மற்றதில் குடையும் மாட்டுகிறார்கள். மழைக்காலத்தில் நகம் கொஞ்சம் வேகமாக வளர்கிறது, வெட்டிவிடுகிறார்கள். அச்சகத்தின் விபத்துப் பதிவேட்டில், மகள் பிறப்பதற்கு நான்கு மாதம் முந்திய ஒரு செவ்வாய்க்கிழமையின் கீழ், காகிதம் வெட்டும் இயந்திரத்தில் அவருடைய இரண்டு கைகளும் மணிக்கட்டோடு போய்விட்டதாக ஒரு வரி இருக்கிறது.